பச்சை விழுது விற்ற பி.ஏ.

சாமான் விற்பவனுக்கு நாக்கு வேண்டும். எனக்கு வாய்த்ததோ தயக்கம். முதலாளியின் கண்முன் நின்று விற்றுப் பழகிய அன்பர்களுக்கு என் பாடு புரியும். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. வரை போன முதல் ஆள் நான். போன இடம் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதியில் ஒரு மளிகைக் கடை.

முதலாளி கொழும்பிலிருந்து தருவித்த பிஸ்தாப் பருப்பு மலை ஈரத்தில் நமத்துவிட்டது. அதை வறுத்து, தண்ணீர் படாமல் அம்மியில் மைய அரைத்து, பச்சை நிற விழுதாகப் போத்தல்களில் அடைத்தார். நான் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நெய் போல வழுக்கியது, பிறகுதான் பருப்பின் இனிப்பு தெரிந்தது. சூடான ரொட்டியில் தடவினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முதலாளி சொன்னார்: "மழை புடிக்கிறதுக்குள்ள இந்தப் பச்சை போகணும். இல்லேன்னா நீ போகணும்."

மேலே நின்ற எண்ணெய்

இரண்டே நாளில் விழுது அடியில் தங்கி, எண்ணெய் மேலே மிதந்தது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவரின் மனைவி போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது பருப்பின் சொந்த எண்ணெய்தான், கலக்கினால் சேர்ந்துவிடும் என்று கரண்டியால் கலக்கியே காட்டினேன். அவர் அசையவில்லை. "எண்ணெய நான் தலைக்கு வச்சுக்கிறேன் தம்பி, அடியில கெடக்கிற பச்சைய நீங்களே வச்சுக்கங்க!"

பங்களாச் சமையல்

தோட்டத் துரையின் பங்களாச் சமையற்காரர் வாங்கிப்போன போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தார். துரைக்கு முன்னால் எண்ணெய் மிதக்கலாமா என்று அதை வடித்து ஊற்றிவிட்டாராம்; விழுது இறுகிக் கல்லாகியிருந்தது. சூடான பால் விட்டுக் குழைக்கலாம், சர்க்கரை சேர்த்துப் புட்டிங்கில் போடலாம் என்றேன். செய்தும் பார்த்தார். மறுவாரம் இன்னொரு போத்தல் கேட்டு வந்தவர் குரலைத் தாழ்த்தினார்: "தொரைக்குப் புடிச்சிருக்கு. ஆனா தொரைக்கு முன்னாடியே எனக்குத்தான் புடிச்சிச்சு."

ரத்தம் ஊறுமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முனியம்மா மகளோடு வந்தார். மகள் பிள்ளை பெற்று எழுந்தவள். கடைப்படி ஏறவே அவளுக்கு மூச்சு வாங்கியது. "இதத் தின்னா ரத்தம் ஊறுமாங்க?" என்று கேட்டார் முனியம்மா. முதலாளி தொண்டையைச் செருமினார். 'ஆமாம்' என்றால் போத்தல் விற்கும், என் வேலையும் நிலைக்கும்.

"சத்துள்ள பருப்புங்க, பசி தாங்கும். பால்ல கொஞ்சமாக் கலந்து குடுக்கலாம். ஆனா மருந்து இல்லீங்க. மூச்சு வாங்குறத மொதல்ல தோட்டத்து ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றேன். முனியம்மா போத்தலை வைத்துவிட்டு மகளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். முதலாளி பெருமூச்சு விட்டார்: "உன்னப் படிக்க வச்சவங்க யாரும் கடை வச்சதில்ல போல."

கருவாட்டுக் கேள்வி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனியம்மா தன் லயத்து வரிசை வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, நல்லதாகச் சாப்பிடவும் சொன்னார்களாம். "இல்லாதத இருக்குன்னு சொல்லாத புள்ள இதுதான்" என்று என்னைக் காட்டினார். ஆளுக்கொன்று கட்டாது என்று இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரு போத்தலாக வாங்கினார்கள். அலமாரித் தட்டு காலியானது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது ஒருத்தி மூலையைக் காட்டி, "அப்ப அந்தக் கருவாடு எப்படிங்க தம்பி?" என்றாள். மலை ஈரத்தில் வீணாகத் தொடங்கியிருந்த கருவாட்டைப் பார்த்தேன். பிறகு முதலாளியைப் பார்த்தேன். அவர் கல்லாப் பெட்டியடியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்: "பச்சைக்கு அவன்கிட்ட கேளுங்கம்மா, கருவாட்டுக்கு என்கிட்ட கேளுங்க!"

மழை பிடிப்பதற்குள் பச்சை போய்விட்டது. நான் மட்டும், கருவாட்டுப் பக்கம் திரும்பாமல், இன்னும் அதே கடையில் நிற்கிறேன்.