கனித்தட்டில் வைக்காத தேன்

சித்திரை முதல் நாள் விடியலில், கண்ணை மூடிக்கொண்டே வந்து கனித்தட்டின் முன்னால் கண் திறப்பது எங்கள் வீட்டு வழக்கம். மதுக்கரைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நான் ஆறு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தேன். அதனால் பழங்கள், வேப்பம்பூவோடு ஒரு கிண்ணம் புதுத்தேனும் தட்டில் இருக்கும். அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனிக் கடைசியில் பூக்கிற வேம்பு மாசியிலேயே பூத்து, வெயிலில் கருகிக் கொட்டியது. பெட்டிகளில் வழக்கமான தேனில் பாதிகூட இல்லை.

"இந்த வருசம் எடுக்காத அம்மணி. அதுகளுக்கே பத்தாது," என்றார் என் கணவர்.

"கனிக்குத் தேனில்லாமயா? நல்லாச் சொன்னீங்க போங்க!" என்று எரிந்து விழுந்தேன். மேலடுக்கில் கிடைத்தது போதாமல், குஞ்சுகளுக்காக ஈக்கள் கீழடுக்கில் சேர்த்திருந்ததையும் ஒட்ட வழித்தேன். வீம்பு, வேறென்ன!

கிண்ணம் நிறைந்தது. வெளியே பூ இல்லை, உள்ளே இருப்பும் இல்லை. பத்தே நாளில் ஐந்து பெட்டிகளை விட்டு ஈக்கள் போய்விட்டன. ஆறாவதில் ஒரு கைப்பிடி ஈதான் மிச்சம். வெயில் பாதி, நான் பாதி விரட்டியிருந்தோம். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

கணவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இது ஒன்றாவது பிழைக்க வேண்டுமே என்று தினமும் சர்க்கரைப் பாகு வைத்தேன், பெட்டிமேல் ஈரச்சாக்குப் போட்டேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா, அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்த முருங்கைகளை வெட்டிவிட ஆள் சொல்லியிருந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"பூ முடியட்டும் கண்ணு, அப்பறம் வெட்டிக்கறேன்."

ஐப்பசியில் மழை பெய்தது. ஒரு காலையில், கால் நிறைய மகரந்தத்தோடு ஈக்கள் வரிசையாகப் பெட்டி வாசலில் இறங்கின. "ஏனுங்க, இங்க ஓடி வாங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அக்காவும் ஓடி வந்துவிட்டார்.

அடுத்த பங்குனிக்குள் அது இரண்டு பெட்டியானது. வேம்பு அந்த வருடமும் முந்திக்கொண்டது. பெட்டியில் தேன் இருந்தும் நான் கை வைக்கவில்லை. தட்டில் தேன் கிண்ணம் இல்லாத இடம் மட்டும் உறுத்தியது.

சித்திரை விடியலில் கணவர் என் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போனார். காலில் மண் பட்டது.

"இதான் புள்ள உன்ற கனி," என்று கையை எடுத்தார்.

எதிரே இரண்டு தேனீப் பெட்டிகள். முதல் ஈ வெளியே வந்து, பெட்டி வாசலில் சற்று நின்று, அக்காவின் முருங்கையைப் பார்த்துப் பறந்தது.