மிஸ் பெல்லமி திருத்திய படங்கள்

மிஸ் பெல்லமிக்கு வயது நாற்பத்தாறு. பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இது ஐந்தாவது வீடு. இங்கிலாந்தில் லட்லோ என்ற ஊரில், ஹார்க்னஸ் வீட்டு மாடியறையில், ஒரே மகள் வின்னிக்குப் பிரெஞ்சு, பியானோ, ஓவியம். இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் இந்த வயதில் ஆறாவது வீடு கிடைப்பது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

வின்னிக்குப் படம் வரவே வராது. மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து இடிந்த மடாலயத்தை வரையச் சொன்னால் மாட்டுக் கொட்டகை வரும். பென்சில் கோட்டை அழிக்க வைத்த ரொட்டித் துணுக்கையும் தின்றுவிடுவாள்.

"மிஸ், தூண் சாஞ்சிருக்கா?"

"தூண் நேராத்தான் இருக்கு, பூமிதான் சாஞ்சிருக்கு. போ, தொப்பிய மாட்டிக்கிட்டுத் தோட்டத்துல நடந்துட்டு வா."

அவள் போனதும் மிஸ் பெல்லமி பென்சிலைச் சீவுவாள். தூணை நிமிர்த்தி, மரத்துக்கு இலை போட்டு, வானத்தில் இரண்டு பறவையும் விடுவாள். எல்லா வீட்டிலும் ஆசிரியைகள் செய்வதுதான். வரவேற்பறை மேசையில் மகள் வரைந்த படங்களின் ஆல்பம் இருக்க வேண்டும், வருகிறவர்கள் புரட்ட வேண்டும், பெற்றவள் பூரிக்க வேண்டும். ஆறு வருடம் செய்து செய்து அவளுக்குக் கையும் சலித்தது, மனமும் சலித்தது.

ஏப்ரலில் ஒருநாள் மிஸஸ் ஹார்க்னஸ் கூப்பிட்டனுப்பினாள். மடியில் ஆல்பம்.

"பாதிரியார் சம்சாரம் பாத்துட்டு அசந்துபோயிட்டாங்க, மிஸ் பெல்லமி. பிரெஞ்சும் பியானோவும் கத்துக்கிட்டது போதும், இனிமே இவளுக்கு நீங்க சொல்லிக்குடுக்க என்ன இருக்கு? லண்டன்லேருந்து ஓவிய மாஸ்டர வரவழைக்கிறோம். நீங்க ஜூனோட நின்னுக்கலாம்."

உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரி. சொல்லாவிட்டால் வேலையில்லாதவள். யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

"சரிங்க மேடம்," என்றாள்.

மாடிப்படியில் வின்னி வழிமறித்தாள். "மிஸ், அதெல்லாம் நீங்க வரைஞ்சதுன்னு அம்மாகிட்ட சொல்லிடவா?"

"சொன்னா ரெண்டு பேரும்தான் வாங்கிக்கட்டிக்கணும். பேசாம இரு. மாஸ்டர் முன்னாடி ரொட்டிய மட்டும் திங்காத."

ஜூனில் கிளம்பும்போது மிஸஸ் ஹார்க்னஸ் நற்சான்றிதழ் கொடுத்தாள். அதைக் காட்டித்தான் அடுத்த வீட்டில் வேலை கேட்க வேண்டும். ரயிலில் உட்கார்ந்து பிரித்தாள். நேர்மையானவர், பணிவானவர், பிரெஞ்சு நன்றாக வரும் என்றெல்லாம் இருந்தது. கடைசி வரியில், "ஓவியம் சுமார்தான், எங்கள் மகளே இவரை மிஞ்சிவிட்டாள்."

மிஸ் பெல்லமிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. பழக்கதோஷத்தில் கை பையிலிருந்த பென்சிலைத் தேடியது. ஆனால் அந்த வரி மையில் எழுதியிருந்தது. ரொட்டிக்கு அழியாது.