தாப்பே வைத்த வீட்டில் சண்டை கூடாது

வினார்த்தியும் சுகெங்கும் ஒருநாள் முழுக்கச் சண்டை போடாமல் இருந்தார்கள் என்று சொன்னால் லெய்டன் நகரத்து ஜாவாக்காரர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமாகி நெதர்லாந்துக்கு வந்த நாள் முதல், சன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலிருந்து செத்துப்போன மாமா நல்லவரா கெட்டவரா என்பது வரை எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டுதான். அவள் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறாள். அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பகலெல்லாம் வீட்டில் இருந்து சண்டைக்குக் காரணம் சேர்த்து வைப்பவர்.

அப்படிப்பட்டவள்தான் நோன்புப் பெருநாளுக்குத் தாப்பே என்கிற ஜாவா இனிப்புச் சோறு செய்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஒட்டரிசியை ரம்பை இலைச் சாறு விட்டுப் பச்சை நிறத்தில் வேகவைத்து, ஆறியதும் ஊரிலிருந்து கொண்டுவந்த நொதி வில்லையைப் பொடித்துத் தூவி, வாழையிலையில் மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். இனி அது கதகதப்பான இடத்தில் பழுக்க வேண்டும். பழுக்கும்வரை அந்த வீட்டில் சண்டை கூடாது. வந்தால் தாப்பே புளித்துவிடும் என்பது ஜாவாக்காரர்களின் நம்பிக்கை. போன பெருநாளன்று பள்ளிவாசல் கூடத்துக்கு வினார்த்தி கொண்டுபோனது காடியாய்ப் புளித்திருந்தது. ஊர்க்காரி தர்மி அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன்டி, உங்க வீட்டு யுத்தம் இன்னும் முடியலையா?" என்று கேட்டாள். கூடமே சிரித்தது. தர்மியின் தாப்பே தேனாய் இருக்கும், அவளும் அவள் புருஷனும் இணைபிரியாமல் இருந்தவர்கள். அந்த மனிதர் இந்தக் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் அன்றைய சிரிப்பு வினார்த்தியின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. தாப்பேயையா புளித்தது என்றார்கள், தன் குடித்தனத்தை அல்லவா சொன்னார்கள்!

பெட்டியைப் போர்வையில் சுற்றி ஹீட்டர் மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தாய்யா, பெருநாள் வரைக்கும் நமக்குள்ள சண்டை கிடையாது."

"முப்பது வருஷமா நோன்பு வச்சுக்கிட்டே சண்டை போட்டோமே, அப்ப வராத பக்தியா?"

"அல்லா மன்னிப்பான். தாப்பே மன்னிக்காது."

அன்றைக்கே கட்டிலில் ஈரத்துண்டு கிடந்தது. வினார்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னங்க, அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்து மாட்ட முடியுங்களா?" என்றாள்.

சுகெங் மிரண்டுபோனார். "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

அவரும் சளைக்கவில்லை. நோன்பு திறந்ததும் உப்பே இல்லாத சூப்பை, "பிரமாதம்" என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். முன்பின் தெரியாத இரண்டு விருந்தாளிகள் ஒரே வீட்டில் தங்கியதுபோல் இருந்தது. மறுநாள் வினார்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனோடு சண்டை போடாமல் வேறு என்னதான் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெருநாளுக்கு முந்தைய நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு சில்லிட்டுக் கிடந்தது. ஹீட்டர் மேல் பெட்டி இல்லை. சோபாவில் கழுத்துவரை ரஜாயைப் போர்த்திக்கொண்டு சுகெங் மல்லாந்திருந்தார்.

"பெட்டி எங்க? ஹீட்டரை அணைச்சியா?"

"நீ கிளம்பினதும் அணைக்கிறது வழக்கம்தானே. கை தானா போயிடுச்சு…"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. "கஞ்சப் பிசினாறி! கேஸ் பில்லுக்குப் பயந்து என் மானத்தை வாங்கப் பாக்கறியா? அந்த ஈரத்துண்டைக்கூடப் பொறுத்துக்கிட்டேனேய்யா!"

"நான் மட்டும் பொறுக்கலையா? அது சூப்பாடி? பாத்திரம் கழுவின தண்ணி!"

இரண்டு நாளாகச் சத்தமில்லையே என்று கவலைப்பட்ட மேல்வீட்டு டச்சுக் கிழவி அப்போதுதான் நிம்மதியாக டிவியைப் போட்டாளாம்.

கடைசியில் சுகெங் ரஜாயை விலக்கினார். வயிற்றின் மேல் பெட்டி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பை. "தொட்டுப் பாத்தேன், பெட்டி சில்லுன்னு இருந்துச்சு. பயந்துட்டேன். ஹீட்டரைப் போட்டா சூடேற நேரமாகும்னு இப்படி வச்சுக்கிட்டேன். மதியத்துலேருந்து அசையாம கிடக்கேன், ஒண்ணுக்குக்கூடப் போகல."

வினார்த்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியின் தலைமேலேயே சண்டை போட்டாகிவிட்டது! பிரித்து ருசிக்கலாம் என்றால் நோன்பு வேறு. இருவரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு சூரியன் எப்போது விழும் என்று காத்திருந்தார்கள். செல்போன் காட்டுகிற நேரம் சரியா, பள்ளிவாசல் அட்டை சரியா என்று அதற்கும் ஒரு தகராறு. நேரம் வந்ததும் முதல் பொதியைப் பிரித்தாள். ஒரு வாய் வைத்தாள். அப்படியோர் இனிப்பு அவள் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாள் தொழுகை முடிந்து கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். தர்மி ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அடேங்கப்பா! அப்ப ரெண்டு பேரும் வாயைத் தெச்சுக்கிட்டு இருந்தீங்களாக்கும்?"

கூடமே திரும்பிப் பார்த்தது. சுகெங் பெருமையாகத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், போன வருஷத்து மானம் திரும்பிவிடும். அப்போதுதான் தர்மியின் நாற்காலிக்கடியில் திறக்காத டப்பா ஒன்று வினார்த்தியின் கண்ணில் பட்டது.

"உங்களோடது எங்கக்கா?"

"புளிச்சுப் போச்சுடி." தர்மி டப்பாவைக் காலால் உள்ளே தள்ளினாள். "இத்தனைக்கும் என் வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. யாரோட சண்டை போடுறது?"

யாரும் சிரிக்கவில்லை.

"நாங்க போட்டோம்க்கா," என்றாள் வினார்த்தி உரக்க. "தாப்பே இவரு வயித்து மேல இருக்கறப்பவே தெரு கேக்கப் போட்டோம். அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கு வாங்க, ஒண்ணாச் செய்வோம். இந்த ஆளைத் திட்ட எனக்கும் ஒரு துணை வேணும்."

கண்ணில் நீர் வரத் தர்மி சிரித்தாள். பிறகு சுகெங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு? ஏன்ப்பா, பெருநாளும் அதுவுமா சட்டையில பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்கியே, வீட்டுல கண்ணாடி கிடையாதா?"

"உங்களை யாரு அக்கா என் சட்டையைப் பாக்கச் சொன்னது?" என்றார் சுகெங்.

தர்மி நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு பொதியைப் பிரித்தாள்.