சரிபார்ப்பு: ஜூடி

ஜெயவேல் என்கிற அந்த எழுத்தாளரின் பெயரைச் சொன்னாலே எனக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அந்த ஆளை விட்டுவிட்டு ஜூடியைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

ஜூடி ராயபுரத்துக்காரி. அவளுடைய அம்மா வியாகுலம்மாள் காசிமேட்டில் மீன் விற்கிறவர். நான் ரூபினா, வண்ணாரப்பேட்டை. அம்பத்தூரில் ஒரு கால் சென்டரில் ஒன்பது வருடமாக எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த நாற்காலி. இங்கிலாந்தில் பள்ளிச் சீருடை விற்கும் ஒரு கம்பெனிக்கு அங்கிருந்து வரும் போன்களை எடுப்பதுதான் எங்கள் வேலை. சேர்ந்த அன்றே என் பெயரை ‘ரூபி’ என்று வெட்டிவிட்டார்கள். ஜூடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரே வெள்ளைக்காரனுக்குப் போதும் என்றார்கள்.

முதல் மாதத்தில் ஒரு ஆர்டர் விவரம் சொல்ல ஜூடி கூப்பிட்டபோது ஒருத்தர், “டீ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடு” என்று வைத்துவிட்டார். டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஜூடி ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள். மனிதர் கத்தித் தீர்த்துவிட்டார். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் ‘டீ’ என்றால் சாயங்காலச் சாப்பாடு என்பது அப்புறம்தான் தெரிந்தது. மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்தோம். ஜூடி அன்றே ஒரு நோட்டுப் போட்டாள். எந்த ஊர்த் தாய் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறாள், எந்த வயதுப் பிள்ளை எந்த வகுப்பு, எப்போது லீவு எல்லாம் அதில் ஏறியது. ஒன்பது வருடத்தில் அந்த நோட்டு நாலு நோட்டானது. லண்டனை அவள் கண்ணால் பார்த்ததில்லை. காதால் அங்கேயே குடியிருந்தாள்.

இதெல்லாம் வியாகுலம்மாளுக்கு எப்படிப் புரியும்? “எம் பொண்ணு போன்ல வெள்ளக்காரனுக்கு சட்ட அளவு எடுக்குது” என்பார் பக்கத்துக் கடைக்காரிகளிடம். அவர்களும் சிரிப்பார்கள். அம்மாவிடம் காட்ட ஒரு பொருள் இல்லையே என்பதுதான் ஜூடியின் ஒரே குறை. வியாகுலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டி அடையாளம் கண்டுகொள்வார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் மேனேஜரின் சித்தப்பா வந்து சேர்ந்தார். அவர்தான் ஜெயவேல். மகள் வீட்டில் மூன்று வாரம் இருக்க லண்டன் போய்வந்தவர், சென்னைப் பையன் ஒருவன் அங்கே பள்ளிக்கூடத்தில் சேருவதாக ஒரு நாவல் எழுதியிருந்தார். லண்டன்காரன் யாராவது படித்துவிட்டுச் சிரித்துவிடுவானோ என்று அவருக்கு ஒரே நடுக்கம். ஜூடி பார்த்துத் தர ஒப்புக்கொண்டாள். கூலி என்று எதுவும் கேட்கவில்லை, புத்தகத்தில் தன் பெயரைப் போடச் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நானும்தான் கை தட்டினேன்.

எட்டு அத்தியாயம் வந்தது. படித்த எனக்குச் சிரித்து வயிறு வலித்தது. ஏழைப் பையன் ‘பப்ளிக் ஸ்கூலில்’ சேருகிறான். அங்கே அது கோடீஸ்வரர் பிள்ளைகள் காசு கட்டிப் படிக்கும் இடம். பதினொரு வயதுப் பையன் ‘சிக்ஸ்த் ஃபார்மில்’ உட்கார்ந்து டிபன் பாக்ஸ் தொலைந்ததென்று அழுகிறான். அது நம் ஆறாங்கிளாஸ் இல்லை, மீசை முளைத்தவர்கள் படிப்பது. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் விடும் ‘ஹாஃப் டெர்ம்’ லீவை நம் அரையாண்டுப் பரீட்சை லீவு என்று நினைத்து அப்போதே கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு வாத்தியார் மாணவனைப் பார்த்து, “உன் பேன்ட்ஸ் அழகாக இருக்கிறது” என்கிறார். அங்கே பேன்ட்ஸ் என்றால் ஜட்டி.

“போலீஸ் வந்துடும் சார். ட்ரௌசர்ஸ்னு போடுங்க” என்றாள் ஜூடி.

“டவுசர்னா அரைக்கால் இல்லையாம்மா?”

“அது நமக்கு சார். அவங்களுக்கு அதான் முழுக்கால்.”

‘காலேஜ்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு பக்கம் விளக்கம் எழுதித் தந்தாள். அங்கே பதினாறு வயதுக்காரனும் காலேஜ் போகிறேன் என்பான், நாம் சொல்கிற காலேஜை அவன் ‘யூனி’ என்பான் என்று பக்கம் பக்கமாகத் தேடித் திருத்தினாள். இரண்டு மாதம் அவள் சாப்பாட்டு இடைவேளை எல்லாம் அந்த நாவலுக்கே போனது.

திருத்திய தாள்களை வாங்க ஜெயவேல் ஒருநாள் ராயபுரம் வந்தார். முந்தின நாள் மழையில் சாக்கடை பொங்கித் தெருவில் நின்றது. வியாகுலம்மாள் வாசலிலேயே நின்று, “தெருவெல்லாம் கலீஜா கீது சார், பாத்து வாங்க” என்றார். மனிதர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்தார். கொடுத்த சோடாவைத் தொடவில்லை. வியாகுலம்மாள் அதைக் கண்டுகொள்ளாமல், “எம் பொண்ணு காலேஜ் படிச்சிகீது சார். மீன் வித்துதான் படிக்க வச்சேன்” என்றார். ஜெயவேல் சட்டென்று ஒரு குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அவர் எழுதியதைப் பார்த்து அம்மாவும் மகளும் பூரித்துப்போனார்கள். அன்று நானும் அங்கேதான் இருந்தேன்.

கிளம்பும்போது ஜூடி கேட்டாள். “கதையில மெட்ராஸ் பகுதியும் இருக்குன்னீங்களே சார், அதையும் ஒருதடவ பாத்துடட்டுமா?”

“அது நம்ம ஊர் பாஷைதானேம்மா, அதுக்கெதுக்கு ஆள்? நானே பார்த்துக்கிறேன்” என்று சிரித்தார். தூரத்துப் பச்சைக்குத்தான் இந்த ஜென்மங்கள் தண்ணீர் ஊற்றும்.

வெளியீட்டு விழா ஆழ்வார்பேட்டையில் ஒரு ஏசி அரங்கில். வியாகுலம்மாள் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பட்டுப்புடவையில் வந்திருந்தார். எங்கள் மூவருக்கும் மூன்றாவது வரிசை. ஆளுக்கொரு புத்தகம் கையில் கொடுத்தார்கள். ஜூடி முதல் தாளைப் புரட்டி அம்மாவிடம் நீட்டினாள். ‘மொழிச் சரிபார்ப்பு: ஜூடி’ என்று அச்சாகியிருந்தது. வியாகுலம்மாள் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

பேசினவர்கள் எல்லோரும் லண்டன் பகுதியின் துல்லியத்தைப் புகழ்ந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் எழுதியது போலிருக்கிறதாம். ஜெயவேல் அடக்கமாகத் தலையை ஆட்டினார். பிறகு ஒன்பதாம் அத்தியாயத்தை வாசிக்கப்போவதாகச் சொல்லித் தொண்டையைச் செருமினார். அதில் பையனின் சென்னை வீட்டுக்கு ஒரு மீன்காரி வருகிறாள். ஜெயவேல் குரலைக் கீச்சென்று மாற்றி, இடுப்பில் கைவைத்து, அவளைப் போலவே பேசிக் காட்டினார். வீட்டுக்காரம்மாவைப் பார்த்து அந்த மீன்காரி, “இன்னா நைனா, கஸ்மாலம், பேஜார் பண்றே?” என்றாள். அரங்கம் சிரித்தது.

“பொம்பளய போயி எவனா நைனான்னு கூப்புடுவானா?” என்று வியாகுலம்மாள் என் காதில் முணுமுணுத்தார். அவருக்கு இன்னும் கோபம் வரவில்லை.

அடுத்த வரி வந்தது. “எம் பொண்ணு கலீஜ் படிக்குது நைனா. மீன் வித்து கலீஜ் படிக்க வச்சேன். கலீஜ்!”

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. கலீஜ் என்றால் அசிங்கம், சாக்கடை. இந்த ஆள் வாசலில் கேட்ட ஒரு சொல்லையும் கூடத்தில் கேட்ட ஒரு சொல்லையும் ஒன்றாகக் குழப்பி, காலேஜ் என்று சொல்ல நாக்கு வராத மீன்காரி என்று எழுதிவைத்திருக்கிறார். காலேஜ் என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் விளக்கம் வாங்கின அதே ஆள். அந்த விளக்கத்தை எழுதித் தந்தவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் படிக்க வைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்போது பார்த்து ஜூடியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஓங்கி ஒன்று விடுவாள் என்று எதிர்பார்த்த எனக்கு அவள்மேலும் வெறுப்பாக இருந்தது.

அவள் உட்கார்ந்ததும் வியாகுலம்மாள் முதல் தாளைத் திறந்து காட்டினார். “இது உன் பேருதானே?”

“ஆமாம்மா.”

“அப்போ அந்தாளு இப்ப படிச்சது அத்தினியும் நீ பாத்து சரின்னு சொன்னதா?”

அவர் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஜூடியின் முகம் செத்துப்போனது. பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, பின்னால் புத்தகங்கள் அடுக்கியிருந்த விற்பனை மேசைக்குப் போனாள். ஹேண்ட்பேக்கிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் புத்தகத்தைத் திறந்து, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ‘கலீஜ்’ என்ற சொல்லை அடித்து, மேலே ‘காலேஜ்’ என்று எழுதினாள். அந்தப் பக்கத்தில் அது மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் திருத்திவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தாள். வியாகுலம்மாள் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றார். நான் பக்கத்தைப் புரட்டிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாக மகள் முன்னால் நகர்த்திவைத்தார்.

கையெழுத்துப் போட வந்த ஜெயவேல் பதறிப்போனார். “என்னம்மா பண்றீங்க? இதெல்லாம் விற்கிற புத்தகம்!”

“சரிபார்க்கிறேன் சார்” என்றாள் ஜூடி, தலையை நிமிர்த்தாமல். “என் பேரப் போட்டிருக்கீங்களே.”

அவர் குனிந்து சிவப்பு மையைப் பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை அவருக்கு. “ஏன், உங்க பக்கத்துல காலேஜைத்தானே கலீஜ்னு சொல்றீங்க? கலீஜ்னா வேற என்ன?”

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். வியாகுலம்மாள் கையிலிருந்த புத்தகத்தை அதே பக்கத்தில் விரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இதோ, நீ எழுதி வச்சிக்கீறியே நைனா, இதான்.”