இரட்டை ஈர்ப்பு

அவனை நாங்கள் ‘நானே’ என்று கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் “நானே எழுதிக்கறேன்” என்பான். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மாடியில் வாடகைக்கு எடுத்த அறையில் அவனுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நான் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறவன். எதிர்ச் சுவரோரம் அவனுடைய அக்கா உட்கார்ந்திருப்பாள். அவர்கள் செய்துகொண்டிருந்த வீடியோ கேமுக்கு அவள்தான் படம் வரைந்தாள். கூரை விட்டுக் கூரை தாவி ஓடும் ஒரு சிறுமியின் கதை அது.

இரண்டு வருடமாகியும் அந்தச் சிறுமி தாவின பாடில்லை. கீழே இழுக்கும் புவியீர்ப்பு, மோதினால் தடுக்கும் சுவர், வெளிச்சம், நிழல் எல்லாம் கேம் இன்ஜின் என்கிற மென்பொருளில் தயாராகவே கிடைக்கும். எடுத்து மாட்டினால் போதும். இவனுக்கு அது கௌரவக் குறைச்சல். ஒரு கதவு திறந்து மூடுவதற்கே மழைக்காலம் முழுவதும் எழுதினான். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அக்கா பென்சில்களை டப்பாவில் அடுக்கினாள்.

“விளம்பரக் கம்பெனியில வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இவ ஓடலைன்னா நான் போயிடுவேன்டா.”

மறுநாள் காலையிலேயே அவன் இன்ஜினைக் கணினியில் ஏற்றினான். சுவரும் வெளிச்சமும் மளமளவென்று வந்தன. கதவு, காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் சிறுமி தாவினால் பாதியிலேயே தொப்பென்று விழுந்தாள். வேகத்தைக் கூட்டிப் பார்த்தான், கூரைகளை நெருக்கிப் பார்த்தான், இன்ஜினைத் திட்டினான். வெள்ளிக்கிழமை மதியம் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பின்னால் வந்து நின்றாள்.

“இவளைக் கீழ இழுக்கறது யாருடா? இன்ஜினா, நீ எழுதினதா?”

அவன் கை நின்றுவிட்டது.

“ரெண்டும்தான்க்கா. என்னோடது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டு வெச்சேன்.”

“எடுத்துடு.”

“ஏழு மாசம் எழுதினது.”

“தெரியும்டா. நானும் இங்கதானே இருந்தேன்.”

அழித்தான். சிறுமி ஓடினாள், தாவினாள், எதிர்க் கூரையில் போய் நின்றாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பையைக்கூடக் கழற்றாமல் விளையாட ஆரம்பித்தாள்.

“நீ வரலைன்னு கம்பெனிக்கு யாரு சொல்றது?” என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

“நானே சொல்லிக்கறேன்,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.