பின்னால் நின்ற ஸ்கூட்டர்

போன மாதம் ஒரு கார் வாங்கினோம். பழைய கார்தான். எங்களுக்குப் புதுசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல சாரல். பண்பொழி திருமலை முருகன் கோயிலுக்குக் காரிலேயே மலையேறிப் போய்ப் பூஜை போட்டோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், பானட்டில் சந்தனம், முன்னால் குறுக்கே ஒரு தடித்த மாலை. மாலை நம்பர் பிளேட்டை முழுசாக மறைத்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நம்பரைக் கூட்டினால் ஆறு வரும். ஆறுமுகன் சன்னதியில் அதை மறைக்கலாமா?

மாலையை மேலே தள்ளினேன். என் மனைவி அதைக் கீழே இழுத்துவிட்டாள். நம்பரைப் பார்த்து எவனாவது போலி பிளேட் மாட்டிக்கொண்டு சுற்றினால், போலீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும் என்பது அவள் கட்சி. ரோட்டில் ஓடும்போது ஊரே பார்க்கிற நம்பர்தானே, போட்டோவில் மட்டும் அது என்ன பரம ரகசியம் என்பது என் கட்சி.

யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லவேண்டுமா? மாலை கீழேயே இருந்தது. பக்கவாட்டில் எடுத்த இன்னொரு படத்தில் பின் நம்பர் லேசாகத் தெரிய, அதன் மேல் போனிலேயே ஒரு செம்பருத்திப் பூப் படத்தை ஒட்டிய பிறகுதான் அவள் போனைத் திருப்பித் தந்தாள். 'பண்பொழி திருமலையில், இன்று காலை' என்று எழுதி என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். இந்தப் பத்தியைப் படிக்கிற நீங்கள் பல பேர் அங்கேயும் வருகிறீர்கள். லைக் மளமளவென்று ஏறியது.

மறுநாள் பிரஷர் மாத்திரை வாங்க, வழக்கமான மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வசந்தி என்று வைத்துக்கொள்வோம். சீட்டைப் பார்க்காமலே என் மாத்திரையை எடுத்துத் தருகிறவர். அன்றைக்கு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அண்ணாச்சி, அந்த போட்டோவ எடுத்துருதியளா? அதுல என் வண்டி நிக்கி."

போனை எடுத்துப் பார்த்தேன். என் காருக்குப் பின்னால், மரத்தடியில் ஒரு நீல ஸ்கூட்டர். அவரும் அன்று கோயிலுக்கு வந்திருக்கிறார். படத்தில் அவர் இல்லை, வண்டி மட்டும்தான். விரலால் பெரிதாக்கினேன். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. என் போனில் படம் துல்லியமாக விழும் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்!

மூஞ்சியே தெரியவில்லையே, அப்புறம் என்னம்மா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி, வீட்டுக்குப் போனதும் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எடுக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் மறக்கவில்லை. கல்லூரியில் கூடப் படித்தவன் ஒருவன் இருபது வருஷம் கழித்துக் கமென்ட் போட்டிருந்தான். அதற்குப் பதில் எழுதினேன். இன்னும் கொஞ்சம் ஓடட்டும், நாளைக்கு எடுத்தால் போச்சு என்று இருந்துவிட்டேன். ஒரு ஸ்கூட்டர் நம்பரில் என்ன குடி முழுகிவிடும்?

அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் வசந்தி நின்றார். பஸ்ஸில் வந்திருக்கிறார். என் மனைவி உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். காபி ஆறிப்போகிற வரைக்கும் அவர் பேசினார்.

கணவனை விட்டு வந்தவர். 'விட்டு வந்தவர்' என்பது மரியாதையான வார்த்தை. தப்பி வந்தவர். சுடுதண்ணீர் பட்ட தழும்பை என் மனைவியிடம் மட்டும் காட்டினார். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய ஸ்கூட்டர் அது. அதில் ஏறித்தான் ஒருநாள் விடியற்காலையில் கிளம்பி வந்திருக்கிறார். அவன் இன்னும் தேடுகிறானாம். எந்த ஊரில் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. ஸ்கூட்டர் நம்பர் மட்டும் மனப்பாடம்.

அப்போதும் நான் என் பழைய கட்சியை விடவில்லை. தினமும் இதே வண்டியில்தானே ரோட்டில் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"ரோட்டுல பாக்குதவங்களுக்கு அது யாரு வண்டின்னு தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்ச ஆளு இந்த ரோட்டுல இல்ல. போனுக்குள்ள இருக்கான்."

ஊரையும் நாளையும் நேரத்தையும் எழுதி, அந்த ஆளுக்கு நானே வழி காட்டியிருக்கிறேன். என் காருக்குப் பூ வைத்து மறைத்துவிட்டு!

அங்கேயே, அவர் கண் முன்னால் படத்தை நீக்கினேன். ஆனால் அதற்குள் மூன்று பேர் அதை எடுத்துத் தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். மூவருக்கும் போன் செய்தேன். இருவர் எடுத்துவிட்டார்கள். மூன்றாமவர், குரூப்பில் போட்டதை அழிக்கிற நேரம் கடந்துவிட்டது, இனி முடியாது என்றார்.

அவர் கணவன் அதைப் பார்த்தானா? தெரியாது. அந்தத் தெரியாததைச் சுமப்பது நான் இல்லை, வசந்தி. இப்போது அவர் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் யாராவது கடைக்குள் நுழைந்தால், அவர் கை மாத்திரைப் பெட்டி மேல் அப்படியே நின்றுவிடுகிறது. நான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து என் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குற்றாலத்தில் எடுத்ததுதான் நிறைய. ஈரத் தலையோடு நாங்கள் இளிக்கிறோம், பின்னால் வரிசையாக வண்டிகள். கேரளா நம்பர், மதுரை நம்பர்... அருவியில் தண்ணீர் விழுகிற நாட்களில் ஆபீஸுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் அதில் எத்தனை பேரோ. வசந்தி போல யாரும் இருந்தார்களா? நான் யோசித்ததே இல்லை. நம் படத்தில் நாம் மட்டும்தான் இருக்கிறோம் என்று எப்படித்தான் தோன்றிவிடுகிறது?

நம்பரை மறைக்கவேண்டுமா, வேண்டாமா? உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். பின்னால் நிற்கிற வண்டிக்காரரிடம் அந்த இஷ்டத்தை யாரும் கேட்பதில்லை. அந்த நம்பரை மட்டும் இப்போது மறைத்துவிட்டுத்தான் படம் போடுகிறேன்.

இதை எழுதலாமா என்று வசந்தியிடமே போய்க் கேட்டேன். எழுதுங்கள், நாலு பேர் கவனமாக இருப்பார்கள். ஆனால் என்னை மறைத்து எழுதுங்கள் என்றார்.

எழுதிவிட்டேன். மேலே மருந்துக்கடை என்று சொன்னது மருந்துக்கடை இல்லை. மலை பண்பொழியாக இருக்கவேண்டும் என்றில்லை. ஸ்கூட்டரின் நீலம் நான் அடித்த பெயின்ட். அவர் நிஜத்தில் பேசுகிற தமிழும் நான் எழுதிய எங்கள் ஊர்த் தமிழ் இல்லை. என் கார் நம்பரைக் கூட்டினால் ஆறு வரும் என்பது நிஜம்.

மாலையை நன்றாகக் கீழே இழுத்துவிட்டிருக்கிறேன் — இந்த முறை, அடுத்தவர் வண்டிக்கு.