தங்கை பெயரில் ஓர் இறால்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று துறைமுகத்தில் நிற்கிற படகுகளில் பாதி, என் ஐஸை ஏற்றாமல் கிளம்பாது. மீன்கூடை சுமந்த தோளை வைத்துக்கொண்டு ஐஸ் பேக்டரி கட்டினேன். அதன் வாசலில் என் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தேன். பெருமைக்காகவா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்காகத்தான்.

இப்போது எழுத உட்கார்ந்தது என் தங்கையின் கணவரைப் பற்றி. கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர். கூனி இறால் மாதிரிப் பொடிப்பொடி உயிர்களோடு மல்லுக்கட்டியதால் ஊரில் அவருக்குப் பெயர் ‘கூனி சார்’. அவர் போன பிறகு கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்கள், டீ குடித்தார்கள், கலைந்து போனார்கள். அவரைப் பற்றி நாலு வரி எழுத ஒருவருக்கும் நேரமில்லை. சரி, படிக்காதவனே எழுதுகிறேன்.

அவரிடம் இரண்டு குணம் உண்டு. ஒன்று, பெண் எடுத்த வீட்டில் கை நீட்டமாட்டார். நிச்சயம் செய்த அன்று சபையில், “மாப்பிள்ளைக்கு என்ன வேணும்னாலும் நான் இருக்கேன்” என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு என் வீட்டில் தண்ணீர் குடிப்பதற்குக்கூட யோசிப்பார்.

இன்னொன்று, கிண்டல் அவருக்கு ஏறவே ஏறாது. “இந்த வீட்டுல எனக்கு இடமே இல்ல, உங்க இறால் போத்தலுங்களையே கட்டிக்கிட்டு அழுங்க” என்று தங்கை ஒருநாள் கத்தினாள். அவர் திரும்பிப் பார்த்து, “எல்லாம் சேர்ந்து ஒரு அலமாரிதானே இருக்கு?” என்றார்.

தங்கை ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டின் பின்னறையில் பிள்ளைக்குப் பதிலாக மைக்ரோஸ்கோப் இருந்தது. அங்கே போனால் ஸ்பிரிட் வாடை மூக்கைத் துளைக்கும்.

அவர் தேடியது சொடுக்கு இறால். நகத்தை விடப் பெரிதாக இருக்காது. அதில் ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். அதை மூடினால் விரல் சொடுக்குகிற மாதிரிச் சத்தம் வரும். பவளப் பாறைகளுக்கு நடுவில், கடற்பஞ்சின் துளைகளுக்குள் குடியிருக்கும். எந்த இனம் என்று சொல்வதற்கு அந்தப் பெரிய கொடுக்குதான் முக்கிய அடையாளம். அதில்தான் சனியன். உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் பயத்தில் கொடுக்கைக் கழற்றி எறிந்துவிடும். முதலில் ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்துவிட்டுப் போட்டால் முழுசாகக் கிடைக்கும்.

ஐஸ் யாரிடம் இருக்கிறது? என்னிடம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. “ஒரு வாளி எடுத்துக்கிட்டுப் போங்க மாப்ள” என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். “வேண்டாம் மச்சான், சமாளிச்சுக்குவேன்.” சம்பளக்காரனின் ரோஷம்! கழன்ற கொடுக்குகளைப் போத்தலின் அடியிலிருந்து பொறுக்கி, எது எதோடது என்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

அப்படிப் பொருத்தியதில் ஒருநாள், உலகத்தில் யாரும் பார்க்காத இறால் ஒன்று கிடைத்துவிட்டது என்றார். வலப்பக்கத்துக் கால்களை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, முடிக்கு முடி படம் வரைந்தார். மாசக்கணக்கில் நடந்தது. பெயர் வைக்கும் நேரம் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“உன் பேரை வைக்கப் போறேன்” என்றார் தங்கையிடம்.

“என் பேரையா? இந்தப் பூச்சிக்கா? ஒரு திமிங்கலம் கிடைக்கலையா உங்களுக்கு?”

“திமிங்கலத்துல புதுசு கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்மா.”

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். “ஏன் மாப்ள, உங்க பேரையே வெச்சுக்கிட்டா என்ன?”

“தன் பேரைத் தானே வெச்சுக்கக் கூடாது மச்சான். அசிங்கம்.”

என் பேக்டரி வாசல் கண் முன்னால் வந்தது.

தங்கையின் பெயருக்கு லத்தீன் வால் ஒன்று முளைத்து, வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சாகி வந்தது. அவள் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொன்னாள். தனியாக இருந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “நாங்க ரெண்டு பேரும் போனதுக்கு அப்புறமும் இது இருக்குமாண்ணே?”

“உலகம் இருக்கிற வரைக்கும் இருக்குமாம்” என்றேன். நான் சும்மா இருப்பேனா? அந்த இறாலைப் பெரிதாக வரையச் சொல்லி என் ஐஸ் வண்டிகளின் பக்கவாட்டில் எல்லாம் ஒட்டினேன். கடலில் பெயர் உள்ள குடும்பம் எங்கள் குடும்பம் மட்டும்தான் என்று துறைமுகம் பூராவும் சொன்னேன்.

ஆனால் அந்த இனத்தில் இரண்டாவது இறால் அகப்படவில்லை. இவரும் தேடினார், வேறு ஊர்க்காரர்களும் தேடினார்கள். உங்களைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லையே என்று அவர்கள் எழுதினார்கள். வருஷங்கள் போயின. அவர் ஓய்வு பெறப் போகிற சமயம், ஒருநாள் காலை என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“ஐஸ் வேணும் மச்சான். கொடுக்கு கழண்டு போறதாலதான் எனக்குக் கிடைக்க மாட்டேங்குதுன்னு தோணுது. ஒரு வாளி போதும்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “வண்டியையே எடுத்துக்கிட்டுப் போங்க!”

“பில் போட்டுக் குடுங்க.”

“ஒரு வாளி ஐஸுக்குப் பில்லா? சிரிக்கப் போறாங்க மாப்ள.”

“பில் இல்லாட்டி வேண்டாம்.”

என் கையாலேயே பில் எழுதினேன்.

மறுநாள் தங்கை போன் செய்தாள். “அண்ணே, இவரு சாப்பிடவும் மாட்டேங்கிறாரு, பேசவும் மாட்டேங்கிறாரு. வந்து என்னன்னு கேளுங்க.”

போனேன். பின்னறையில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து எனக்கு இடம் விட்டார். “பாருங்க மச்சான். நான் வரைஞ்ச அதே உடம்பு. கொடுக்கைப் பாருங்க.”

“படத்துல இருக்கிற மாதிரி இல்லையே.”

“இப்ப அடுத்ததைப் பாருங்க. நான் வரைஞ்ச அதே கொடுக்கு. உடம்பு வேற.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு இனம் ஒரே பஞ்சுக்குள்ள குடியிருந்திருக்கு. அன்னைக்கு ரெண்டையும் ஒரே போத்தல்ல போட்டேன். ரெண்டும் கொடுக்கைக் கழட்டிடுச்சு. இதோட கொடுக்கை எடுத்து அதோட உடம்புல சேர்த்துட்டேன். ரெண்டுமே எப்பவோ பேர் வெச்சதுங்க.”

“அப்ப என் தங்கச்சி பேர்ல இருக்கிற இறாலு?”

“அப்படி ஒண்ணு கடல்லயே இல்ல மச்சான்.”

கதவருகில் நின்ற தங்கை முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. “யாரு வந்து பார்க்கப் போறா? கொட்டிட்டு வேற வேலையைப் பாருங்க!”

“அடுத்து வர்றவங்க தேடிக்கிட்டே இருப்பாங்க மச்சான். இல்லாததைத் தேடுவாங்க.”

எழுதி அனுப்பினார். அச்சாகி வந்தது. கல்லூரியில் நேற்று வேலைக்கு வந்தவன்கூட, “சார், கொடுக்கு ஒட்டுற பசை எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று கேட்டான். இவர் வழக்கம்போல, “பசை எதுவும் போடலையே” என்று நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார். ஓய்வு பெற்ற அன்று பூமாலையைக் கையில் பிடித்தபடி தனியாக நடந்து வீட்டுக்கு வந்தார். என் வண்டிகளில் ஒட்டிய படத்தை ஆள் வைத்துச் சுரண்ட வேண்டியதாயிற்று. தங்கை மட்டும் முன்னறைப் படத்தைக் கழற்றவில்லை.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. என் வாளி ஐஸில் பிடித்தவற்றில் மூன்றாவதாக ஓர் இனமும் இருந்தது. பல மாதம் கழித்து, நானும் அவர்கள் வீட்டில் இருந்த ஒரு மத்தியானம் சொன்னார்: “இது நிஜமாவே புதுசு. அஞ்சாறு கிடைச்சிருக்கு, எல்லாத்துலயும் கொடுக்கு உடம்போட இருக்கு.”

அத்தனை நாளுக்குப் பிறகு தங்கையின் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். “அப்ப இதுக்கு என் பேரை வையுங்க.”

“முடியாதும்மா. இந்த இறால் கூட்டத்துல உன் பேரை ஏற்கெனவே ஒரு தடவை வெச்சாச்சு. தப்பாப் போனாலும் அது கணக்குல இருக்கும். மறுபடி வைக்கக் கூடாது. அதுதான் விதி.”

“ஓ... தப்புக்கு என் பேரு. நிஜத்துக்கு வேற பேரு.”

“ஆமா” என்றார், சரியாகப் புரிந்துகொண்டுவிட்டாள் என்கிற மாதிரி.

அவள் தட்டுகளை அடுக்கினாள். சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். “அப்ப எங்க அண்ணன் பேரை வையுங்க. ஐஸ் குடுத்த மகராசன் அவருதானே? வாசல்ல தொங்குற பேரு கடல்லயும் தொங்கட்டும்!”

நான் சிரித்துவிட்டேன். அவள் எரிச்சலில் கொட்டியது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. “அட, அது நியாயம்தான்” என்று சொல்லிவிட்டுப் பென்சிலைத் தேடிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

அடுத்த வருஷம் பத்திரிகையோடு என் ஆபீஸுக்கு வந்தார். “உங்க ஐஸுக்கு நான் செஞ்ச மரியாதை மச்சான்.” என் பெயர். வாலோடு. சந்தோஷமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் நெஞ்சு விம்மியது. சாயங்காலம் தங்கை போன் செய்தாள். “பேர் வெச்சாச்சுல்ல? நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. நான் போனபோது முன்னறையில் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

அவர் போன வாரம் இறந்தார். நல்ல வெயில் காலம். உடலை வைத்திருக்க வேண்டுமே என்று ஒரு வண்டி நிறைய ஐஸ் அனுப்பினேன். வண்டி போன வேகத்தில் திரும்பி வந்தது. “ஐஸ் ஏற்கெனவே வந்துடுச்சுன்னு அம்மா சொல்லிட்டாங்க முதலாளி” என்றான் டிரைவர்.

ஓடினேன். கட்டிலுக்குக் கீழே எனக்குப் போட்டியான கம்பெனியின் பாளங்கள். பார்த்ததும் தெரிந்துவிடும் எனக்கு. உறையும்போது காற்று ஊதாமல் விட்டது, நடுவில் வெள்ளை பாய்ந்த மட்டமான சரக்கு.

“ஏம்மா, நான் இல்லையா? என்கிட்ட ஐஸ் இல்லையா?”

தங்கை தலையை நிமிர்த்தவில்லை. “அவங்க பில் போட்டுக் குடுத்தாங்கண்ணே. அவருக்கு அதுதானே பிடிக்கும்?”

அந்த ஐஸ் சாயங்காலம்வரை தாங்காது என்பது எனக்குத் தெரியும். துண்டை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வழிந்த தண்ணீரைத் துடைத்தேன்.